தொங்குகதிரில் கம்பளி நூற்பது: ஆட்டு ரோமம் முதல் இருபுரி நூல் வரை

தமிழ்நாட்டில் நூற்பது என்றாலே பருத்திதான் நினைவுக்கு வரும். தக்ளி, ராட்டை எல்லாம் நமக்குப் பருத்தியோடு சேர்ந்தே பழக்கம். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள்கூடக் கம்பளியை முதன்முதலில் எடுக்கும்போது தடுமாறுவது உண்டு. இழையின் நீளம்தான் காரணம். பருத்தி இழை பெரும்பாலும் 2 முதல் 3.5 செ.மீ.க்குள் முடிந்துவிடும். நூற்கத் தகுந்த கம்பளி இழை 6 முதல் 12 செ.மீ. வரை இருக்கும். அதோடு கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்குகள் உண்டு. இயல்பாகவே சுருளும் உண்டு. இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், பருத்திக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த முறுக்கிலேயே கம்பளி நூலாகி நிற்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பொறுமையான இழை கிடைப்பது அரிது.

நூற்பில் வேலை இரண்டுதான்: இழைகளை ஒன்றிலிருந்து ஒன்று நழுவவிட்டு மெல்லிதாக இழுப்பது, இழுத்ததை முறுக்குவது. முறுக்கு ஏறிய இடத்தை இழுக்க முடியாது. முறுக்கு ஏறாத இடம் எடையைத் தாங்காது. ஆகவே, முறுக்கு இந்தக் கணம் எங்கே நிற்கிறது என்பது எப்போதும் உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் கை அசைவுகள் எல்லாம் அதற்காகத்தான். எது தவறினாலும் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

எந்தக் கம்பளியில் தொடங்குவது

கிராமத்தில் ஆடு இருக்கிறது, முடியை வெட்டி நூற்கலாம் என்று இறங்காதீர்கள். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆகிய நம் செம்மறி இனங்கள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் மேலிருப்பது குட்டையான முடி, கம்பளி அல்ல. அது எவ்வளவு முறுக்கினாலும் உதிரும். தமிழகத்தில் கம்பளி தரும் ஆடுகள் சிலவே. குறும்பை என்றும் சொல்லப்படும் கோயம்புத்தூர் ஆட்டின் ரோமம் முரடானது. தரைவிரிப்புக்கும் முரட்டுக் கம்பளிக்கும் ஆகும். நீலகிரி ஆடு வேறு வகை. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைச் சேர்த்து உருவான இனம் அது. ரோமம் மென்மையானது, சுருளும் உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆடு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பேணி வருகிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கலாம்.

மலைப்பக்கம் போக முடியாதவர்களுக்கு இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் மெரினோ டாப். ஃபெல்ட், அதாவது கம்பளியை அழுத்திக் கெட்டியாக்கிய துணி, அதில் பொம்மை செய்பவர்களுக்காக விற்கப்படுவது. இது கழுவி, சீவி, இழைகள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும்படி நீள வடமாக வரும். நேரடியாக நூற்கலாம். ஆனால் மெரினோ மிக மெல்லிய, வழுக்கும் இழை. கை பழகும்வரை அடிக்கடி அறும். கொரிடேல் என்ற ஆட்டினத்தின் கம்பளி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். இழை சற்றுத் தடிமன், நீளம் போதுமானது, பிடிப்பு நன்றாக இருக்கும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கப்படும் சூப்பர்வாஷ் வகையைத் தவிர்த்துவிடுங்கள்; அதில் செதில்களை மழுங்கடித்திருப்பார்கள், இழைகள் ஒன்றையொன்று பற்றாது. முதல் பழக்கத்துக்கு 200 கிராம் போதும். நிறம் வெள்ளையாகவோ வெளிறிய பழுப்பாகவோ இருக்கட்டும். கறுப்புக் கம்பளியில் இழைகள் எப்படி நழுவுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது.

வெட்டிய ரோமத்தை ஆட்டுக்காரரிடமே வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கற்றையை எடுத்து இரு முனையையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுங்கள். டங்கென்று ஒலித்தால் நல்ல ரோமம்; நடுவில் பொரபொரவென்று அறுந்தால் ஆடு நோயிலோ பட்டினியிலோ இருந்தபோது வளர்ந்தது, வேண்டாம். அடுத்து, கற்றையை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்து, வளையாமல் நிற்கும் தடித்த முடிகள் அதிகமாக இருந்தால் நூல் உடம்பில் குத்தும். செத்த ஆட்டின் ரோமத்தை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. ஆந்த்ராக்ஸ் கிருமி ரோமத்தின் வழியாகப் பரவக்கூடியது. கழுவாத ரோமத்தைப் பிரிக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கதிர்: ஒரு மாலையில் செய்துகொள்ளலாம்

இங்கே நாம் பயன்படுத்தப்போவது தொங்குகதிர். கடைகளில் டிராப் ஸ்பிண்டில் என்று கேட்டால்தான் புரியும். ஒரு குச்சி, அதில் பொருத்திய ஒரு வட்டு, மேலே ஒரு கொக்கி, அவ்வளவுதான். பழைய தக்ளி வீட்டில் இருந்தாலும் இதற்கு உதவாது. அது எடை குறைந்தது. பருத்திக்கு ஏற்றபடி மிக வேகமாகச் சுழலும். தடித்த கம்பளி இழையை முறுக்க அதற்கு வலு போதாது, சில சுற்றிலேயே நின்று எதிர்த்திசையில் திரும்பிவிடும்.

வீட்டிலேயே செய்ய: 30 செ.மீ. நீளம், 9 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள நேரான மரக்குச்சி ஒன்று. மூங்கில் வேண்டாம், உள்ளே பொள்ளலாக இருந்தால் கொக்கி பிடிக்காது. வட்டுக்குப் பழைய சி.டி. இரண்டு. ஒன்று சுமார் 15 கிராம் இருக்கும். குச்சியோடு சேர்த்தால் 40 முதல் 45 கிராம் வரும். தொடக்கத்துக்கு இதுவே சரியான எடை. சி.டி.யின் துளை 15 மி.மீ. அகலம் என்பதால், குச்சியின் மேல்முனையிலிருந்து 5 செ.மீ. கீழே இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கி, இரண்டு சி.டி.யையும் அதில் அழுத்தி ஏற்றுங்கள். அசையக் கூடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய திருகுக் கொக்கியை மேல்முனையில் நட்டநடுவில் திருகுங்கள். முன்கூட்டியே மெல்லிய துளை போடாவிட்டால் குச்சி பிளந்துவிடும். சி.டி.யின் ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் அரத்தால் தேய்த்துச் சிறு பள்ளம் வையுங்கள்; நூல் அங்கே உட்காரும்.

கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். வேகம் குறைந்த பம்பரம் போலத் தலையாட்டினால் பெரும்பாலும் கொக்கிதான் நடுவில் இல்லை. குறட்டால் கொக்கியின் வளைவைச் சற்றே வளைத்து, நூல் தொங்கும் புள்ளி குச்சியின் நேர்மேலே வரும்படி செய்யுங்கள். சிறு ஆட்டம் பரவாயில்லை. கை அதிர்கிற அளவு ஆட்டம் கூடாது. அதிர்வில் இழை நழுவும்.

ராட்டை, காலால் மிதிக்கும் சக்கரம் இவற்றை முதலிலேயே வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சக்கரம் உங்களுக்காகக் காத்திருக்காது. கதிரை எந்த நொடியிலும் கையால் பிடித்து நிறுத்திவிடலாம்.

கழுவுதல்

டாப் வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

ரோமத்தில் இருப்பது மண், வியர்வை உப்பு, லேனோலின் என்ற மெழுகு. மண்ணும் உப்பும் சாதாரணத் தண்ணீரில் போய்விடும். மெழுகு சுமார் 40 டிகிரியில் உருகும். ஆனால் உருகினால் மட்டும் போதாது, மறுபடி உறைந்து இழையில் ஒட்டாமல் வெளியேற வேண்டும். அதனால் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால், கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு சேருங்கள். சமவெளியில் அது ஏறக்குறைய 60, 65 டிகிரிக்கு வரும். ஊட்டிக் குளிரில் கொதிநீர் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

கால் கிலோ ரோமத்துக்கு 10 லிட்டர் தண்ணீர். முதலில் சாணம் ஒட்டிய ஓரங்களையும் முட்கள் சிக்கிய பகுதிகளையும் பிய்த்து எறியுங்கள். ரோமத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் பின்னால் ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்க நேரிடும். மிச்சத்தை வெங்காயம் வரும் வலைப்பையில் தளர்வாகப் போட்டு, ஆறிய தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிழியாமல் வடியுங்கள். பிறகு சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் 2 மேசைக்கரண்டி கலந்து, பையை மேலே வைத்து மெல்ல அமுக்கி மூழ்கவிடுங்கள். 15 நிமிடம் அப்படியே விடுங்கள். கிளறக் கூடாது, கசக்கக் கூடாது, மேலிருந்து குழாயைத் திறந்துவிடக் கூடாது. சூடும் சோப்பும் இருக்கும்போது அசைத்தால் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு ரோமம் அட்டை போலக் கெட்டியாகிவிடும். அதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. தண்ணீர் ஆறுவதற்குள் பையைத் தூக்கிவிடுங்கள். ஆறினால் மெழுகு திரும்ப இழையில் படியும், பிசுபிசுப்பு போகாது.

அதே சூட்டில் இன்னொரு சோப்புக் குளியல், அதன்பின் சோப்பில்லாமல் இரண்டு முறை அலசல். ஒவ்வொரு தண்ணீரும் முந்தியதன் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்கு மாற்றுவதும் ரோமத்தைக் கெட்டியாக்கும். மெழுகு குறைவான முரட்டு ரோமத்துக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரே போதும். சலவை சோடா, கடுமையான துணி சோப்புத்தூள் இவற்றின் காரம் கம்பளியை அரிக்கும். கடைசியில் துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, நிழலில் வலைமேல் பரப்பிக் காயவிடுங்கள். கால் கிலோவில் சுத்தமாக 150 கிராம் தேறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிப் பட்டை போடுதல்

காய்ந்த கற்றைகளை முதலில் விரலாலேயே பிரித்து மேகம் போல உதிருங்கள். தூசியும் விதையும் இந்த நேரத்தில் மடியில் கொட்டும். பிறகு வாருவதற்குக் கம்பிப்பல் பதித்த கார்டிங் பலகை ஒரு ஜோடி வேண்டும். அதற்குப் பதில் நாய்க்கு முடி வாரும் ஸ்லிக்கர் பிரஷ் பெரியதாக இரண்டு வாங்கினால் போதும். வேலை சற்று மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

இடக்கைப் பிரஷை மடியில் மல்லாக்க வைத்து, பற்களின் மேல் 3 கிராம் அளவு ரோமத்தைப் பரப்புங்கள். பின்னால் இருக்கும் கம்பிகள் தெரியும் அளவு மெல்லிதாக இருக்க வேண்டும். வலக்கைப் பிரஷால் நுனியிலிருந்து தொடங்கி மெல்லத் தடவி இழுங்கள். பல்லும் பல்லும் உரசிக் கரகரவென்று சத்தம் வந்தால் அழுத்தம் அதிகம். இழைகள் அறுந்து சின்னச் சின்ன முடிச்சுகளாகும். நாலைந்து தடவலுக்குப் பிறகு பாதி ரோமம் வலக்கைப் பிரஷுக்கு வந்திருக்கும். அதைத் திரும்ப இடப்பக்கத்துக்கு மாற்றி, மறுபடி தடவுங்கள். இரண்டு மூன்று சுற்று போதும். கடைசியில் ரோமத்தை ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டி எடுத்தால் பட்டை தயார். பருத்தி நூற்பவர்களும் பட்டை என்றுதான் சொல்வார்கள். கம்பளிப் பட்டை அதைவிடக் கொழுத்தது. இப்படிப் பத்துப் பட்டை போட்டுக் கூடையில் அடுக்கி வைத்துக்கொண்டு நூற்க உட்காருங்கள்.

டாப் வடம் வைத்திருப்பவர்கள் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டைப் பிரியுங்கள். கத்தரிக்கோல் படக் கூடாது. கைகளை நன்றாக அகலப் பிடித்து இழுத்தால் தானே பிரிந்து வரும். அதை நீளவாக்கில் நாலாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் இங்கும் அங்கும் லேசாக இழுத்துத் தளர்த்தி வையுங்கள்.

கதிரைத் தொடும் முன்

சிறு கற்றை ஒன்றை எடுத்து, விளக்குத் திரி திரிப்பது போல வெறும் விரலால் செய்து பாருங்கள். இரண்டு கையையும் 3 செ.மீ. இடைவெளியில் வைத்து இழுங்கள். அசையாது. ஒரே இழையின் இரு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது கைகளை 10 செ.மீ. விலக்கிப் பிடித்து இழுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வெண்ணெய் போல நழுவும். மேலும் இழுத்தால் கையோடு வந்துவிடும். வந்துவிடுவதற்குச் சற்று முந்திய அந்த இடத்தை விரல் உணர வேண்டும். கைகளின் இடைவெளி எப்போதும் இழையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். நூற்பில் இதற்கு ஈடான பாடம் வேறில்லை. கால் மணி நேரம் இதிலேயே செலவிடுங்கள்.

நழுவவிட்ட இழையைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டிப் பாருங்கள், நூலாகிவிடும். மறுபடி இழுத்துப் பாருங்கள், வராது. முறுக்கு இழைகளைப் பூட்டிவிட்டது.

நூற்கத் தொடங்குதல்

ஏற்கெனவே நூலாக உள்ள கம்பளி நூலில் 60 செ.மீ. வெட்டி, வட்டுக்குக் கீழே குச்சியில் இறுக்கிக் கட்டுங்கள். இது தலைநூல். இதை வட்டின் பள்ளத்தின் வழியாக மேலே கொண்டுவந்து கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி மேலே விடுங்கள். பருத்தி நூலோ நைலானோ தலைநூலாக வேண்டாம், கம்பளி அதில் பற்றாது.

பட்டையின் நுனியை 10 செ.மீ. அளவு மெல்லிதாக இழுத்துத் தலைநூலின் முனையோடு பக்கவாட்டில் சேர்த்துப் பிடியுங்கள். இடக்கை பட்டையையும் இந்தச் சேர்க்கையையும் பிடிக்கும். வலக்கை கதிரைச் சுண்டும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை, அதாவது வலஞ்சுழி. நூற்பாலைகளில் இதையே இசட் முறுக்கு என்பார்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளலாம், சுழலும் திசையை மாற்ற வேண்டாம்.

முதல் சில நாட்கள் கதிரைத் தொங்கவிட்டபடியே இழுக்க முயலாதீர்கள். நிறுத்தி நூற்கும் முறையில் செய்யுங்கள்:

1. கதிரை இரண்டு மூன்று தடவை நன்றாகச் சுண்டி, தலைநூலில் முறுக்கை நிறையச் சேமியுங்கள். நூல் தளர்ந்தால் தானே பின்னிக்கொள்ளத் துடிக்க வேண்டும்.
2. கதிரைப் பிடித்து முழங்கால்களுக்கு இடையே இடுக்குங்கள். நூல் இறுக்கமாகவே இருக்கட்டும்.
3. வலக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், முறுக்கு முடிந்து வெறும் இழை தொடங்கும் இடத்தைக் கிள்ளிப் பிடியுங்கள். இந்தக் கிள்ளல்தான் மதகு.
4. இடக்கை பட்டையை 10 செ.மீ. பின்னால், கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல மெதுவாகப் பிடித்திருக்கும். அதைப் பின்னோக்கி 5, 6 செ.மீ. இழுங்கள். இழைகள் மெல்லிதாக நீளும்.
5. இப்போது கிள்ளிய விரல்களை அந்த நீண்ட இழைமேல் பின்னோக்கி நகர்த்துங்கள். முறுக்கு விரலைத் தொடர்ந்து ஓடிவந்து இழையை நூலாக்கும். மறுபடி கிள்ளி, மறுபடி இழுங்கள்.

சேமித்த முறுக்கு தீர்ந்ததும் நூல் தொளதொளவென்று தெரியும். அப்போது கிள்ளலை விடாமல் இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் கதிரை எடுத்து மறுபடி சுண்டுங்கள். எவ்வளவு முறுக்கு வேண்டும்? நடுத்தர நூலுக்கு ஓர் அங்குலத்துக்கு சுமார் 5 முறுக்கு. ஓர் அடி நூலுக்கு 60 சுற்று. எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, புதிதாக நூற்ற நூலில் ஒரு சாண் எடுத்து மடித்துத் தளர விடுங்கள். தானாகப் பின்னி, ஒழுங்கான சரடு போல நின்றால் சரி. சோம்பலாக ஓரிரு சுற்றுப் பின்னினால் முறுக்கு குறைவு. குட்டிச் சுருள்களாக முறுக்கிக்கொண்டால் அதிகம். சரியாக வந்த ஒரு துண்டை வெட்டி, மடித்த நிலையிலேயே முடிந்து ஓர் அட்டையில் ஒட்டிவையுங்கள். அடுத்த நாள் உட்காரும்போதும், பிறகு இரு நூலைச் சேர்க்கும்போதும் அதுதான் அளவுகோல்.

நூல் கை எட்டாத நீளத்துக்கு வந்ததும் கொக்கியிலிருந்து விடுவித்து, வட்டுக்குக் கீழே குச்சியில் இறுக்கமாகச் சுற்றுங்கள். வட்டை ஒட்டித் தடிமனாகவும், கீழே போகப் போக மெல்லியதாகவும் கூம்பு வடிவில் அமையட்டும். 30 செ.மீ. நூலைச் சுற்றாமல் விட்டு, பள்ளத்தின் வழியே கொக்கிக்குக் கொண்டுவந்து தொடருங்கள். பட்டை தீரும்போது கடைசி 8, 10 செ.மீ. இழையை முறுக்கேறாமல் விசிறி போல விரித்துவைத்து, புதிய பட்டையின் விரித்த நுனியை அதன்மேல் வைத்துச் சேர்த்து இழுங்கள். முறுக்கேறிய நூல்முனையில் வெறும் இழையை ஒட்டவைக்க முயன்றால் அடுத்த சுண்டலில் கழன்றுவிடும்.

20 கிராம் அளவு கதிரில் ஏறியதும் நிறுத்துங்கள். எடை கூடினால் மெல்லிய இடங்கள் அறும்.

இரண்டு மூன்று நாளில் கதிரை இடுக்குவதை மறந்து, அது தொங்கிச் சுழலும்போதே நாலு அங்குலம் இழுத்திருப்பீர்கள். அதை அதன் போக்கில் விடுங்கள்.

கதிர் கீழே விழுந்தால்

விழும். விழுந்ததும் ஒட்டிவிட்டுத் தொடர்வதற்கு முன், அறுந்த முனையைப் பாருங்கள். இழைகள் நீளமாகக் கூர்ந்து, பஞ்சு போல நழுவி வந்திருந்தால் முறுக்கு போதவில்லை. குட்டையாக வெடுக்கென்று முறிந்திருந்தால் மெல்லிய இடத்தில் முறுக்கு மிகுந்து இழையே அறுந்திருக்கிறது. முதல் வகைக்கு இன்னும் சுண்ட வேண்டும். இரண்டாவதற்கு இன்னும் இழை விட வேண்டும். இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்து எல்லாவற்றுக்கும் முறுக்கைக் கூட்டிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு.

விழுவதற்கு இன்னொரு காரணம், கவனிக்காமல் இருக்கும்போது கதிர் நின்று எதிர்த்திசையில் சுழலத் தொடங்குவது. அப்போது ஏற்றிய முறுக்கெல்லாம் வெளியேறுகிறது. கண் பட்டைமேலேயே இருந்தால் இது தெரியாது. ஓரக்கண்ணில் கதிரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இடக்கையில் பட்டை முடிச்சுப் போட்டது போல இறுகி, எவ்வளவு இழுத்தாலும் வரவில்லையா? கிள்ளல் நழுவி முறுக்கு பட்டைக்குள் புகுந்துவிட்டது. பலங்கொண்டு இழுக்காதீர்கள். கதிரை இடுக்கி, புகுந்த இடத்தைக் கையால் எதிர்த்திசையில் சில சுற்றுத் திருப்பினால் இழைகள் தளரும்.

நூலில் பாம்பு இரை விழுங்கியது போல அங்கங்கே தடித்த இடங்கள் வரும். முறுக்குக்கு ஒரு குணம் உண்டு: மெல்லிய இடத்தைத் தேடிப் போய்ச் சேரும், தடித்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் தடித்தது தளர்ந்தும், பக்கத்து மெல்லியது கம்பி போல இறுகியும் இருக்கும். தடித்த இடத்தின் இருபுறமும் 10 செ.மீ. இடைவெளியில் பிடித்து, முறுக்கை அவிழ்த்து லேசாக இழுங்கள். இழை நழுவிச் சமமாகும், விட்டதும் முறுக்கு தானே பரவிக்கொள்ளும். எல்லாத் தடிப்பையும் இப்படித் திருத்தத் தேவையில்லை. கட்டைவிரலைவிடத் தடித்ததை மட்டும் கவனித்தால் போதும்.

வெயில் காலத்தில் கை வியர்த்தால் பட்டை விரலில் ஒட்டி, கையிலேயே கெட்டியாகும். மடியில் ஒரு துண்டு இருக்கட்டும். பட்டையை இறுக்கிப் பிடிப்பதாலும் இதேதான் நடக்கும். அப்படிக் கெட்டியானதை எறிந்துவிட்டுப் புதுப் பட்டை எடுங்கள்.

இருபுரி சேர்த்தல்

ஒற்றை நூலில் முறுக்கு அடங்காமல் இருக்கும். அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கமாகக் கோணும். தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும்: இரண்டு புரியை, அவை முறுக்கிய திசைக்கு எதிராகச் சேர்த்து முறுக்கினால் ஒன்றின் வேகத்தை மற்றது அணைத்து நிறுத்தும். தடிப்பும் மெலிவும் ஒன்றோடொன்று சேர்ந்து நூல் ஓரளவு சமமாகவும் தெரியும். தொடக்க நூலுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

20 கிராம் வீதம் இரண்டு கதிர் நூற்று, ஒவ்வொன்றையும் இறுக்கமாகப் பந்தாகச் சுற்றி, ஓர் இரவு வைத்திருங்கள். முறுக்கு சற்று அடங்கி, கையாள எளிதாகும். மறுநாள் பந்துகளை இரண்டு சொம்பில் தனித்தனியாகப் போட்டுத் தரையில் வையுங்கள்; உருண்டோடிச் சிக்காது. இரண்டு முனையையும் தலைநூலில் கட்டி, நடுவில் ஒரு விரலைக் கொடுத்து இரு நூலும் ஒரே இழுப்பில் வரும்படி பிடியுங்கள். ஒன்று தளர்ந்தால் அது மற்றதைச் சுற்றிக் கொடி போலப் படரும், அது சேர்க்கை ஆகாது. இப்போது கதிரை இடஞ்சுழியாகச் சுண்டுங்கள். இங்கே இழுக்கும் வேலை இல்லை. விரலை மேலே நகர்த்தி முறுக்கை விடுவது மட்டுமே.

சேர்க்கும் முறுக்கு, ஒற்றை நூலில் ஏற்றியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போதும். அங்குலத்துக்கு 5 ஏற்றியிருந்தால் இங்கே 3 அல்லது 4. அட்டையில் ஒட்டிய மாதிரியோடு ஒப்பிட்டுக்கொண்டே செல்லுங்கள். ஒரு பந்து முன்னதாகத் தீர்ந்தால், மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிட்டமும் குளியலும்

நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றிச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக ஆக்குங்கள். ஒரு சுற்றின் நீளத்தை அளந்து, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த நீளம் தெரியும். முதல் 40 கிராம் இருபுரி நூலில் 35 முதல் 50 மீட்டர் வந்தால் இயல்பு. எடுப்பதற்கு முன் நாலு இடத்தில் பருத்தி நூலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டாமல் நனைத்தால் மீண்டும் பிரித்தெடுக்க ஒரு நாள் போகும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, அதே சூட்டுத் தண்ணீரில் அலசி, துண்டில் அமுக்குங்கள். பிறகு சிட்டத்துக்குள் இரு கையையும் விட்டு நாலைந்து தடவை வெடுக்கென்று விரித்து இழுங்கள். முறுக்கு ஓடி ஓடிச் சமமாகும். எடை எதுவும் கட்டாமல் நிழலில் தொங்கவிடுங்கள். எடை கட்டிக் காயவைத்த நூல் நேராகத்தான் தெரியும், ஆனால் அடுத்த துவைப்பில் சுருங்கிப் பின்னிய துணியைக் கோணலாக்கும்.

காய்ந்த சிட்டம் தளர்ந்து வட்டமாகத் தொங்கினால் ஒற்றை முறுக்கும் சேர்த்த முறுக்கும் சமம். தானாக வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ முறுக்கிக்கொண்டால், சிட்டம் திரும்பும் திசையைப் பாருங்கள். சேர்த்த திசையிலேயே திரும்பினால் சேர்க்கை போதவில்லை, இன்னொரு முறை கதிரில் ஓட்டிக் கொஞ்சம் ஏற்றலாம். எதிர்த்திசையில் திரும்பினால் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் அவிழ்க்கலாம். ஒரு சுற்றுக்குள் அடங்குகிற திருப்பத்தை அப்படியே விட்டுவிடுங்கள், பின்னலில் தெரியாது.

தடிமனை அறிய, ஸ்கேலின் மேல் ஓர் அங்குல இடத்தில் நூலை நெருக்காமல், இடைவெளி விடாமல் பக்கம் பக்கமாகச் சுற்றி எண்ணுங்கள். 7, 8 சுற்று வந்தால் 6 அல்லது 7 மி.மீ. குரோஷே ஊசியில் பின்னலாம்; 12 வந்தால் 4 மி.மீ. போதும். முதல் சிட்டத்தில் இரண்டும் கலந்தேதான் இருக்கும். சூடான பாத்திரம் வைக்கும் மணையோ குல்லாவோ பின்ன அது தாராளமாக ஆகும். கம்பளி சட்டென்று தீப்பற்றாது, சூட்டையும் தாங்கும்.

மிச்சமுள்ள ரோமத்தையும் நூலையும் நன்கு காய்ந்த பிறகே காற்றுப் புகாத பையில் கட்டிவையுங்கள். அந்துப்பூச்சிக்கு வியர்வையும் அழுக்கும் உள்ள கம்பளிதான் விருப்பம். கழுவாத ரோமத்தையும் நூற்ற நூலையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு சீட்டுக் கட்டி, எந்த ஆட்டு ரோமம், எத்தனை கிராம், எத்தனை மீட்டர், அங்குலத்துக்கு எத்தனை சுற்று, எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள்.